மாதிரிக் கணக்கில் வந்த பணம் கூடுமா?

அந்தியூர், பவானி, கோபி பக்கத்துப் பள்ளிவாசல்களில் ஜுமுஆ முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில், இமாமைச் சுற்றி நிற்கும் இளைஞர்கள் கேட்பவற்றில் இப்போது ஒரு புதுக் கேள்வி சேர்ந்திருக்கிறது. "ஹஜ்ரத், மார்க்கெட்ல நான் காசு போடல. கம்பெனி டெமோ அக்கவுண்ட் தருது. அதுல லாபம் காட்டினா எனக்குப் பங்கு தர்றாங்க. இது கூடுமா?"

பங்கு வாங்கி விற்பதில் பொருள் என்று ஒன்று இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் இருக்கிறார்கள். இங்கே மூன்றும் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கில் வந்து விழும் பணம் நிஜமானது. அதனால் இதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

முதலில் நடப்பது என்னவென்று சரியாகத் தெரிந்துகொள்வோம். 'ஃபண்டட் அக்கவுண்ட்' என்று பையன்கள் சொல்வதைத் தருபவை பெரும்பாலும் வெளிநாட்டில் பதிவான நிறுவனங்கள். 'சேலஞ்ச்' என்ற பெயரில் அவை ஒரு தேர்வு வைக்கின்றன. தேர்வில் உட்காரக் கட்டணம் உண்டு. திரையில் காட்டும் தொகை பெரிதாகப் பெரிதாகக் கட்டணமும் ஏறும். பிராக் நகரிலிருந்து இயங்கும் எஃப்டிஎம்ஓ பரப்பிய விதிமுறையைத்தான் பலரும் சற்றே மாற்றி வைத்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் 10 சதவீதம் லாபம் காட்ட வேண்டும். ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேலோ மொத்தத்தில் 10 சதவீதத்துக்கு மேலோ நட்டம் காட்டினால் கணக்கு மூடப்படும், கட்டணம் போய்விடும். இரண்டாம் கட்டத்தில் 5 சதவீதம் காட்டினால் தேர்ச்சி. அதன்பின் காட்டும் லாபத்தில் 80 முதல் 90 சதவீதம் வரை 'வெகுமதி'யாகத் தருவார்கள். முதல் வெகுமதியோடு தேர்வுக் கட்டணமும் திரும்பி வரும். தேர்ச்சிக்குப் பிறகு கிடைப்பதும் மாதிரிக் கணக்குதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்த நிறுவனங்களே தங்கள் விதிமுறைகளில் அதை எழுதி வைத்திருக்கின்றன.

இந்தக் கேள்விக்கு அவசரமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. "நிஜ வியாபாரமே நடக்கவில்லை, அப்புறம் எங்கிருந்து ஹராம் வரும்" என்பது ஒன்று. "டிரேடிங் என்றாலே சூது" என்பது மற்றது. இரண்டுமே கேள்வியின் பாதியைத்தான் பார்க்கின்றன. திரையில் நடப்பது ஒரு செயல்; கைக்குப் பணம் வருவது வேறொரு ஒப்பந்தம். ஃபிக்ஹ் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சட்டம் சொல்லும்.

திரையில் நடப்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். விற்பனை நிறைவேற, விற்கும் பொருளும் விலையும் இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். கையில் இல்லாததை விற்காதே என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது இந்த வாசலின் அடிப்படை. மாதிரிக் கணக்கில் 'வாங்கு' என்று அழுத்தும்போது யாரும் எதையும் விற்கவில்லை. எனவே அங்கே விற்பனை என்ற ஒப்பந்தமே பிறப்பதில்லை, வட்டியும் பிறப்பதில்லை. கட்டணமில்லாத மாதிரிக் கணக்கில் ஒருவர் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று பழகிப் பார்த்தால் அது வெறும் பயிற்சி. அதற்காக அவரைப் பாவி என்று சொல்ல ஆதாரம் இல்லை.

கூலிக்காக இதையே செய்பவர்களும் உண்டு. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனம் வர்த்தகச் செயலி ஒன்றை எழுதுகிறது. அதைச் சோதிக்க நாள் முழுவதும் பொய் ஆர்டர் போட ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைக்கிறது என்று கொள்வோம். இது இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தம். வேலை தெரிந்தது, கூலி தெரிந்தது, காலம் தெரிந்தது. லாபம் காட்டினாலும் நட்டம் காட்டினாலும் சம்பளம் அதேதான். அந்தச் செயலி எதற்குப் பயன்படப் போகிறது என்பதை மட்டும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டிக் கடன் செயலிக்கும் சூதாட்டச் செயலிக்கும் உழைத்துக் கொடுப்பது கூடாது. பொதுவான பங்கு வணிகச் செயலிக்கு உழைக்கலாம்.

சிக்கல் கட்டணத்தில் இருக்கிறது. இங்கே கொஞ்சம் நிதானமாக நடப்போம்.

நபி (ஸல்) அவர்கள் பரிசுப் பந்தயத்தை ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதித்ததாக ஒரு ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வருகிறது. போருக்கான பயிற்சிகள் என்பதால் இந்த அனுமதி. அனுமதித்த இடத்திலும், பரிசுப் பணம் யாருடைய மடியிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் ஃபகீஹ்கள் ஹலாலையும் ஹராமையும் பிரித்தார்கள். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் அந்தியூர் குதிரைச் சந்தையைப் பார்த்தவர்களுக்கும், கொங்குப் பக்கத்து ரேக்ளா பந்தயத்தை வழியோரம் நின்று பார்த்தவர்களுக்கும் இதை விளக்குவது சுலபம். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் பணத்திலிருந்து பரிசு அறிவிக்கிறார். ஓடுபவர்கள் யாரும் காசு கட்டவில்லை. ஜெயித்தவர் வாங்கிப் போகிறார். இது கூடும். ஓடும் ஒவ்வொருவரும் ஆயிரம் ரூபாய் போட்டு, முதலில் வந்தவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்கிறார் என்றால் அதன் பெயர் கிமார். திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்து விலக்கிய மைஸிர் அதுதான். ஓட்டத்தில் திறமை இருக்கிறதா, மாடு நல்ல மாடா என்பதெல்லாம் இந்தச் சட்டத்தை மாற்றாது. போட்டியாளர் தன் பணத்தை வைத்து, ஜெயித்தால் பிறர் பணம், தோற்றால் தன் பணம் போச்சு என்ற நிலையில் நிற்கிறாரா என்பதே கேள்வி. தான் பணம் போடாத, ஆனால் ஜெயிக்கும் வாய்ப்புள்ள மூன்றாமவர் ஒருவரைச் சேர்த்தால்தான் இருவர் வைக்கும் பணயம் கூடும் என்று ஃபகீஹ்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். அவருக்கு முஹல்லில் என்று பெயர். சூதின் உருவத்தை உடைக்க அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறைக்கு அந்த ஒரு நிபந்தனையே சாட்சி.

இதை நம் 'சேலஞ்ச்' மேல் வைத்துப் பாருங்கள். நூறு பேர் கட்டணம் கட்டுகிறார்கள். சிலர் தேறுகிறார்கள், அந்தச் சிலர் திரையில் காட்டிய லாபமும் எந்தச் சந்தையிலும் யாரும் சம்பாதித்தது இல்லை. அப்படியானால் வெகுமதிப் பணம் எங்கிருந்து வருகிறது? தோற்றவர்களின் கட்டணத்திலிருந்து. நிறுவனம் வேறு வருமானத்திலிருந்து தருகிறது என்று எழுத்தில் நிரூபித்தால் ஒழிய, இந்தப் பதிலைத் தாண்டிப் போக வழியில்லை.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் உள்கணக்கு ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்தது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டின் முன்பேர வணிக ஒழுங்குமுறை ஆணையம் 'மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ்' என்ற நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1,35,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடமிருந்து கட்டணமாக மட்டும் 31 கோடி டாலருக்கு மேல் வாங்கியதாக மனுவில் சொன்னது. 2025இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. ஆணையம் வழக்கை நடத்திய முறையிலேயே நேர்மை இல்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆகவே அந்த நிறுவனம் மோசடி செய்தது என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நிரூபிக்காத குற்றத்தை ஒருவர் மேல் சுமத்துவதும் பாவம்தான். நமக்குத் தேவையானது வேறு. மோசடியே இல்லாமல் நேர்மையாக நடந்தாலும், கட்டணமே பிரதான வருவாயாக இருக்கும் ஏற்பாட்டில் பரிசு எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

இதை ஆதரிப்பவர்களிடமும் வாதம் இருக்கிறது. அதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. கட்டணம் பணயம் அல்ல, தளத்தைப் பயன்படுத்தவும் மதிப்பீடு பெறவும் தரும் சேவைக் கூலி. வெகுமதி ஜுஆலா, அதாவது 'இதை முடித்தால் இவ்வளவு' என்று அறிவிக்கும் பரிசுக் கூலி என்கிறார்கள். ஜுஆலாவுக்கு ஆதாரம் யூசுஃப் அத்தியாயத்தின் 72ஆம் வசனம்: மன்னரின் அளவைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து தருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமைத் தானியம். ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகள் இதை ஏற்கின்றன. ஹனஃபீ மத்ஹபின் பழைய நூல்கள் ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தருபவரின் கூலியைத் தவிர ஜுஆலாவைப் பொதுவாக ஏற்பதில்லை. வேலையின் அளவு தெரியாது என்பது காரணம். கொங்கு நாட்டு ராவுத்தர்களும் உருது பேசும் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபிகள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய ஹனஃபீ ஆலிம்கள் பலர் தேவை கருதி இதை அனுமதிக்கிறார்கள். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட அஆயோஃபி என்ற இஸ்லாமிய நிதித் தர அமைப்பும் ஜுஆலாவுக்குத் தனித் தரவிதியே வகுத்திருக்கிறது. ஆக, மத்ஹபைக் காட்டி மட்டும் இந்த வாதத்தை முடித்துவிட முடியாது.

ஆனால் வாதத்தை அதன் சொந்த அளவுகோலில் வைத்தாலே அது நிற்பதில்லை. ஜுஆலாவில் வேலை செய்பவர் பணம் கட்டுவதில்லை. அவர் உழைப்பைத் தருகிறார், அறிவித்தவர் கூலியைத் தருகிறார். இங்கே தேடிப் போகும் ஆளிடமே முதலில் காசு வாங்குகிறார்கள். அடுத்து, அந்த வேலையால் அறிவித்தவருக்கு ஏதாவது பயன் இருக்க வேண்டும். பாத்திரம் கிடைத்தால் மன்னருக்குப் பாத்திரம் மிச்சம். நீங்கள் பொய்க் கணக்கில் காட்டும் பொய் லாபத்தால் நிறுவனத்துக்கு என்ன கிடைத்தது? அதை எங்கும் பயன்படுத்தவில்லை என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது, ஜெயித்தால் கட்டணம் திரும்பி வரும் என்ற விதி. சேவைக்கான கூலி என்றால் ஜெயித்தவரும் சேவையைப் பெற்றவர்தானே, அவருக்கு ஏன் திருப்பித் தர வேண்டும்? ஜெயித்தால் திரும்பும், தோற்றால் போகும் பணம் பணயத்தின் குணத்தையே காட்டுகிறது. என்ன பெயர் வைத்தாலும் குணம் மாறாது.

சரி, நிறுவனம் உங்கள் ஆர்டர்களைப் பார்த்து நிஜச் சந்தையில் அதே ஆர்டரைப் போட்டு லாபம் எடுக்கிறது, அதில் பங்கு தருகிறது என்றால்? இப்போது உழைப்புக்குப் பயன் வந்துவிட்டது. கூடவே நிஜச் சந்தையின் எல்லாச் சட்டங்களும் வந்துவிடுகின்றன. பையன்கள் விரும்பி ஆடுவது தங்கத்தையும் டாலரையும் ஜோடி சேர்த்த விலையில். தங்கத்துக்குத் தங்கமும் வெள்ளிக்கு வெள்ளியும் சமமாக, கைக்குக் கை மாற வேண்டும். இனம் வேறானால் அளவு கூடக் குறைய இருக்கலாம், ஆனால் அதே அமர்வில் கை மாற வேண்டும் என்பது உபாதா பின் ஸாமித் (ரலி) அறிவிக்கும், முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸ். நாணயத்துக்கு நாணயம் மாற்றுவதும் இதே வாசலில் வரும். நூறு மடங்கு கடன் வசதியோடு, யாரும் தங்கத்தைத் தொடாமல், விலை வித்தியாசத்தை மட்டும் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கை மாறுவது என்ன? ஜித்தாவில் இருக்கும் பன்னாட்டு ஃபிக்ஹ் அகாடமி 1992இலேயே ஆப்ஷன் ஒப்பந்தங்களையும் குறியீட்டெண் வைத்து நடக்கும் வணிகத்தையும் கூடாது என்றது. 2006இல் மக்காவில் கூடிய ராபிதா எனும் உலக முஸ்லிம் அமைப்பின் ஃபிக்ஹ் சபை, தரகர் கடன் தந்து நடத்தும் மார்ஜின் வணிகத்தையும் கூடாது என்றது. 'இஸ்லாமிக் அக்கவுண்ட்' என்று விளம்பரம் செய்கிறார்களே என்று கேட்பார்கள். அது இரவு தாண்டினால் பிடிக்கும் வட்டியை மட்டும் நீக்கிய கணக்கு; கை மாறாத பிரச்சினையையும் கடனைக் காட்டித் தரகு வாங்கும் பிரச்சினையையும் அது தொடவே இல்லை.

முன்பேர வணிகம் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகளுக்கு என்சிடெக்ஸ் எனும் முன்பேரச் சந்தையின் விலை அன்றாடப் பேச்சு. விலை முழுவதையும் இன்றே கொடுத்து, அறுவடையில் இன்ன தரத்து மஞ்சள் இத்தனை குவிண்டால் என்று எழுதிக்கொண்டால் அது ஸலம். நபி (ஸல்) மதீனாவில் ஒழுங்குபடுத்தி அனுமதித்த ஒப்பந்தம். பொருளும் பிறகு, பணமும் பிறகு என்று இரு பக்கமும் தள்ளிப்போடும் முன்பேர வணிகம் ஸலம் ஆகாது.

கட்டணமே இல்லாமல், ஒரு வங்கியோ கல்லூரியோ தன் பணத்தில் பரிசு வைத்து நடத்தும் மாதிரிப் பங்குச் சந்தைப் போட்டி பற்றியும் கேட்கிறார்கள். அறிவுப் போட்டிகளுக்கும் பரிசு கூடும் என்று ஹனஃபீ ஆலிம்கள் விரித்திருக்கிறார்கள். பரிசு வெளியார் தருவது, போட்டியாளர் எதையும் இழப்பதில்லை. பழகும் பொருள் ஹலாலானதாக இருந்தால் இது கூடும் என்பதே என் தேர்வு. சாராய ஆலைப் பங்கையும் வட்டி வங்கிப் பங்கையும் விலக்கிவிட்டு விளையாட நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்; தேசியப் பங்குச் சந்தையின் நிஃப்டி50 ஷரியா பட்டியலில் இருக்கும் நிறுவனங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சொந்தக் காசில் நிஜமாக முதலீடு செய்ய விரும்பும் இளைஞர்களையும் நான் இந்தப் பக்கம்தான் அனுப்புவேன்: பங்கு டீமேட் கணக்கில் வந்து சேர்ந்தபின் மட்டும் விற்பது. 2023 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் வாங்கிய மறு வணிக நாளே பங்கு கைக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் பொறுக்க முடியாதவரிடம் இருப்பது வியாபார ஆசையா, வேறு ஆசையா என்று அவரே யோசிக்கட்டும்.

நாட்டுச் சட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, பட்டியலிட்ட நிறுவனங்களின் விலையை வைத்து அங்கீகாரமில்லாத தளங்கள் நடத்தும் மெய்நிகர் வர்த்தகத்திலும் கற்பனைப் போட்டிகளிலும் சேர வேண்டாம் என்று எச்சரித்தது. அங்கீகாரமில்லாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் தொடங்கி நீட்டிக்கொண்டே வருகிறது. வெளிநாட்டு மார்ஜின் வணிகத்துக்குத் தனிநபர் பணம் அனுப்புவதை அது அனுமதிப்பதில்லை. அப்படியிருக்க, கட்டணத்தை 'மென்பொருள் வாங்கியது' என்று எழுதி அனுப்பச் சொல்லும் இடத்தில் உங்கள் பேனாவும் பொய் சொல்கிறது. அந்தப் பொய் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

கொங்கு மண்ணுக்கு 'ஃபாரெக்ஸ்' என்ற சொல் வலிக்க வேண்டிய சொல். திருப்பூரில் 'பாசி' என்ற பெயரில் அந்நியச் செலாவணி வணிகம் செய்வதாகச் சொல்லி வாங்கிய முதலீடு சுமார் 930 கோடி ரூபாய் என்று வழக்கில் பேசப்பட்டது. 2022 ஆகஸ்டில் கோவையிலுள்ள முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. பனியன் கம்பெனிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்களும் நகையை அடகு வைத்தவர்களும் அதில் போட்டார்கள். ஃபண்டட் கணக்கு அதே வகை மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால், எந்தச் சந்தையில், எந்தப் பொருளை, யாரிடம் வாங்கி இந்த லாபம் வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்றும் கேட்க வேண்டியது அதுதான். நிஜச் சந்தையிலேயே நிலை என்ன? முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நட்டப்பட்டதாக செபியே 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. பொய்ச் சந்தையில் தேறியதை நம்பி வேலையை விடத் துணியும் தம்பிகளின் அத்தாமார்கள் இந்த எண்ணை ஒருமுறை வீட்டில் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆலிமிடம் கேட்கப் போகும்போது "டிரேடிங் கூடுமா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். பதிலும் மொட்டையாகத்தான் வரும். நிறுவனத்தின் விதிமுறையைத் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள். நான் கட்டுவது எவ்வளவு, எப்போது திரும்பும், எப்போது போகும், எனக்கு வரும் பணத்தை யார் தருகிறார், என் வேலையால் அவருக்கு என்ன பயன், நிஜ ஆர்டர் எங்காவது போகிறதா, எந்தப் பொருளில் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விதிமுறையில் பதில் இல்லை என்றால் அந்த இல்லாமையையும் சொல்லுங்கள். எதை வாங்குகிறோம் என்றே தெரியாத ஒப்பந்தம் கரர் என்ற தடைக்குள் தானாகவே வந்துவிடும்.

ஏற்கெனவே பணம் வாங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். நிறுத்துங்கள், தவ்பா செய்யுங்கள். நீங்கள் கட்டிய கட்டணத்தின் அளவு உங்கள் அசல். வட்டியை விட்டவருக்கு அசல் உண்டு என்று அல்பகரா 279ஆம் வசனம் சொல்வதை ஒப்புநோக்கி, அந்த அளவை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மிஞ்சியதை யாரிடமிருந்து வந்ததோ அவர்களிடம் திருப்ப வழியில்லை. தோற்றவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. எனவே நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிவாசல் கட்ட வேண்டாம், ஹஜ்ஜுக்கு வைக்க வேண்டாம், ஸகாத் கணக்கில் கழிக்கவும் வேண்டாம். மொத்தமாகக் கொடுக்க முடியாத நிலை என்றால் ஒரு கணக்கு எழுதி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கலாம்.

இன்னொரு பணம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உங்கள் டெலிகிராம் குழுவில் கூப்பன் எண் கொடுத்து, அதன் வழியாகச் சேர்ந்த ஒவ்வொருவரின் கட்டணத்திலும் உங்களுக்கு ஒரு பங்கு வந்திருக்கும். கூடாத ஒப்பந்தத்துக்கு ஆள் சேர்த்த கூலியும் கூடாது. பாவத்தில் ஒருவருக்கொருவர் துணை போகாதீர்கள் என்பது அல்மாஇதா இரண்டாம் வசனத்தின் கட்டளை. வெகுமதியைத் தந்தவர்கள் யாரென்று தெரியாது என்று சொன்னோம். இங்கே அந்தச் சமாதானம் இல்லை. சேர்ந்தவர்கள் உங்கள் தெருப் பையன்கள், கூடப் படித்தவர்கள், மாமி மகன்கள். அவர்கள் பெயர்களை எழுதி, ஒவ்வொருவரிடமிருந்தும் உங்களுக்கு வந்த பங்கை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்; ஏன் கொடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.